பத்ரோசுதுறையில் நிற்காத விசில்

கடல் ஓயாது, காற்று ஓயாது, பத்ரோசுதுறைக்காரன் வாய் ஓயாது என்று மூன்றோடு இருந்த ஊரில் நாலாவதாக ஒரு விசிலும் வந்து சேர்ந்தது. கிறிஸ்துமஸ் கோப்பை இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில் ரெஃபரி தங்கையா சார் ஊதினார், ஊதிவிட்டு விசிலை வாயிலிருந்து எடுத்துக் கைக்குட்டையால் துடைத்துச் சட்டைப் பையில் போட்டார், ஆனால் சத்தம் அவரோடு போகவில்லை. அவர் நின்ற இடத்தில், கோல் கம்பத்துக்கு எதிரே ஓர் ஆள் உயரத்தில், அது பாட்டுக்கு நின்று ஊதிக்கொண்டிருந்தது. மைதானத்தை ஒட்டிய முதல் வீடு மீன்காரி கிறிசாந்தத்தின் வீடு. ஆகவே மற்ற யார் காதிலும் விழுந்ததைவிட அவள் காதில்தான் அது அதிகம் விழுந்தது, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான் என்று ஊர் முடிவுகட்டியது, ஏனென்றால் அந்த ஊதல் பெனால்டி ஆனதற்குக் காரணமான மேனேஜர் ததேயு அவள் புருஷன்.

நடந்தது இதுதான். அந்தக் கரையில் நடக்கும் ஆட்டங்களுக்கு லைன்ஸ்மேன் கிடையாது. கொடி பிடித்தவனைக் கொடிக்கம்பாலேயே அடித்த பெருமை ஒவ்வொரு துறைக்கும் இருந்ததால் அந்த வேலைக்கு ஆள் வருவது நின்றுபோய், அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் வந்திருந்தது: ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு ஊர் மேனேஜர்களும் கடற்கரைக் குருசடிக்குப் போய்ச் சிலுவையில் கை வைத்து, ரெஃபரிக்குச் சந்தேகம் வந்து கேட்டால் எங்கள் ஆள் செய்ததை மறைக்காமல் சொல்லுவோம் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு மெழுகுதிரி கொளுத்துவார்கள், மிட்டாய் தின்பார்கள், ஆட்டத்தில் ரெஃபரி கேட்கிற நேரம் வந்தால் அதே கையை நெஞ்சில் வைத்து, எங்க பையன் பச்சப்பிள்ள சார், ஒண்ணும் செய்யல என்பார்கள். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை, மிட்டாயைப் போல அதுவும் சடங்கில் ஒரு பங்கு. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடியப்போன நேரத்தில் எதிரணியான கல்லடித்துறைக்காரன் அடித்த பந்து பத்ரோசுதுறையின் தடுப்பாட்டக்காரன் ஜெரோன் மேல் பட்டுத் தெறித்தது. நெஞ்சில் பட்டதா, கையில் பட்டதா, தங்கையா சாருக்குக் கண்ணில் நேர் வெயில். ஊதிய கையோடு அவர் கோட்டுக்கு வெளியே நின்ற ததேயுவைப் பார்த்து, "மேனேஜர், கையில பட்டுதா?" என்று கேட்டார்.

"பட்டுது," என்றார் ததேயு.

பத்ரோசுதுறை முழுக்க மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. கிறிசாந்தத்தின் அண்ணனும் கிளப் தலைவருமான எஸ்தாக்கி, ஜெரோனைப் பெற்றவர் வேறு, தன் சட்டையைத் தானே கிழித்துக்கொண்டு, நெஞ்சு, நெஞ்சு, நெஞ்சு என்று தன் நெஞ்சிலேயே குத்திக் காட்டினார். கீப்பர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டுக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். கையில் படாத பந்துக்கு நாங்கள் ஏன் கோலில் நிற்க வேண்டும், நின்றால் பட்டது என்று ஒப்புக்கொண்டது ஆகாதா, ஆகவே பத்ரோசுதுறையில் பிறந்த எவனும் அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நிற்கமாட்டான் என்று அங்கேயே தீர்மானம் ஆனது. கீப்பர் இல்லாமல் பெனால்டி அடிக்க முடியாது, பெனால்டி அடிக்காமல் ஆட்டம் முடியாது. தங்கையா சார் இருட்டும்வரை காத்திருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போனார். ஜனங்கள் கலைந்து, கூச்சல் அடங்கி, எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்த பிறகுதான் விசில் இன்னும் ஊதிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

மறுநாள் பயிற்சிக்கு ததேயு போய் நின்றார், ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவர் கோன்களை வரிசையாக வைப்பார், நிற்பார், திரும்பப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வருவார். கல்லடித்துறைக்காரன் ததேயுவுக்கு நாற்பது குதிரைச் சக்தி எஞ்சின் வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்று ஒருவன் சொன்னான், அந்த எஞ்சினைக் கண்ணால் பார்த்தேன் என்று இன்னொருவன் சொன்னான், நீல நிறம் என்று மூன்றாமவன் சொன்னான். படகே இல்லாத மனுஷனுக்கு எஞ்சின் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கிறிசாந்தமும் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு. ஒரு காலையில் பால் விடாத கட்டன் காப்பியை நீட்டிக்கொண்டே, "ஊரெல்லாம் சொல்லுது, எனக்கிட்ட மட்டும் சொல்லுங்க, அவனுவ ஏதாவது தந்தானுவளா?" என்று கேட்டுவிட்டாள்.

ததேயு காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார். பூட்ஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அன்று சாயங்காலமே அவர் கல்லடித்துறை அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று செய்தி வந்தது. "பாத்தியா," என்றார் எஸ்தாக்கி, கிறிசாந்தத்தின் வாசலில் வந்து நின்று, ஏதோ அவள்தான் பந்தயத்தில் தோற்றவள் மாதிரி. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் காப்பியை எடுத்து வாசலில் ஊற்றினாள், அவர் காலிலும் கொஞ்சம் பட்டது. புருஷன் மேல் ஆத்திரம், அண்ணன் மேல் ஆத்திரம், வாயைத் திறந்து ஒரு தடவை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் அந்த மனுஷனுக்கு.

விசில் நிற்கவில்லை. ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, புது மருமகளின் குறட்டைக்கு மாமியார் வீடு பழகிக்கொள்வதுபோல. முதல் சில நாள் அதன் பக்கத்தில் போய்க் கையை வீசிப் பார்த்தார்கள், போர்வையைப் போட்டு மூடிப் பார்த்தார்கள், ஒருவன் முக்காலி போட்டு ஏறி அதற்குள் தலையை நுழைத்து, உள்ளே எச்சில் வாடை அடிக்கிறது என்று இறங்கி வந்து சொன்னான். நாகர்கோவிலிலிருந்து ஒரு பௌதிகப் பேராசிரியர் வந்தார், சுற்றிச் சுற்றி நடந்தார், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார். பிறகு பெண்கள் சத்தமாகப் பேசப் பழகினார்கள், ஆண்கள் முதலிலிருந்தே அப்படித்தான். கைக்குழந்தைகள் அந்தச் சத்தம் இல்லாத வெளியூர்ச் சொந்தக்காரர் வீடுகளில் தூங்க மறுத்தன. மூடல் பனி விழுந்த காலைகளில் கடலில் திசை தெரியாமல் தவித்த வள்ளங்கள் அந்த ஊதலைப் பிடித்துக்கொண்டே கரை சேர்ந்தன, அதனால் விசிலை நிறுத்தக் கூடாது என்று ஒரு கட்சியும் உருவானது. அது ஏன் நிற்கவில்லை என்று மட்டும் யாரும் அதிகம் பேசவில்லை, பேச வேண்டியது வேறு இருந்தது: நெஞ்சா, கையா; ததேயு விசுவாசியா, துரோகியா. ஐஸ் உடைக்கும் இடத்தில், கிழிந்த வலை பொத்தும் இடத்தில், சாவு வீட்டில், பூசை முடிந்து இறங்குகிற படிக்கட்டில், எங்கே நான்கு பேர் கூடினாலும் அதுதான் பேச்சு. ஜெரோனிடம் கேட்டால், "பந்து வேகமா வந்துது," என்பான். அதற்கு மேல் அவன் எதுவும் சொன்னதில்லை.

தொல்லை தொடங்கியது சீட்டாட்டத்தில். வலைக்கூடத்தில் சீட்டில் தோற்றவன் காதில் சிப்பியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிவர வேண்டும் என்பது அங்கே வழக்கம். தோற்ற ஒருவன் சிப்பியைத் தள்ளிவிட்டு, "விசில் ஊதிக்கிட்டு இருக்கு. ஊதின பெறகு நடந்தது எதும் செல்லாது," என்றான். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு ஊரென்றால் சிரித்திருப்பார்கள், அல்லது அவனைப் பிடித்துக் காதைத் திருகியிருப்பார்கள். பத்ரோசுதுறைக்காரன் சோறில்லாமல் இருப்பான், ஆட்ட விதியை விடமாட்டான். ஆமா, விசில் ஊதினால் ஆட்டம் நின்றது, நின்ற ஆட்டத்தில் அடித்த கோல் கோல் இல்லை, அப்படியானால் சீட்டு மட்டும் எப்படிச் செல்லும்?

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. குடிக்கமாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்தவன், அது விசில் நேரத்தில் செய்தது என்றான். பள்ளிக்கூடத்தில் ஃபெயிலான பிள்ளைகள் மார்க் அட்டையை நீட்டி அதையே சொன்னார்கள். ஏலத்தில் மூன்று தரம் சொல்லி முடித்த மீனை, செல்லாது என்று நாலாம் தரம் கேட்டார்கள், மீன் நாறியது. பங்குச்சாமியார் ரெமிஜியுஸ் ஃபாதர்கூட, பங்குப்பேரவைத் தேர்தலைத் தள்ளிப்போட வேறு சாக்கு கிடைக்காமல், விசில் நிற்கட்டும் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிறு வாய் தவறிச் சொல்லிவிட்டார். பிறகு அவராலும் மறுக்க முடியவில்லை. ஊரில் வாக்குகள் எல்லாம் அந்தரத்தில் தொங்கின. பேசினார்கள், கை கொடுத்தார்கள், தலையாட்டினார்கள், எதற்கும் அர்த்தம் இல்லை.

கிறிசாந்தம் இதையெல்லாம் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள், மீன் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு விற்கப் போய்விடுவாள். பைத்தியக்கார ஊர், தனக்கென்ன என்று இருந்தாள். அவள் மகள் செலினுக்குக் கிழக்குக் கரையில் ரெக்ஸன் என்று ஒரு பையன் பேசி முடித்திருந்தது. பையன் கப்பலில் வேலை செய்கிறவன், லீவில் வந்திருந்தான், தவக்காலம் பிறப்பதற்குள் கல்யாணம் முடிய வேண்டும், ஏனென்றால் தவக்காலத்தில் கோயிலில் தாலி கட்டக் கூடாது, தவக்காலம் முடிவதற்குள் அவன் கப்பல் ஏறிவிடுவான், ஏறினால் திரும்பிவர எத்தனை வருஷம் ஆகுமோ. அதற்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். மணமக்கள் பெயரைப் பூசையில் வாசித்து, இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஃபாதர் கேட்பார், ஜனங்கள் பேசாமல் இருப்பார்கள், அதுதான் ஓலை.

முதல் ஞாயிறு ஃபாதர் வாசித்தார், கேட்டார். ஆண்கள் பக்கத்திலிருந்து எஸ்தாக்கி எழுந்து நின்றார்.

"விசில் ஊதிக்கிட்டு இருக்கு, ஃபாதர்."

பெண்கள் பக்கத்தில் செலின் தலையைக் குனிந்துகொண்டாள். "அண்ணே, உக்காரும்," என்றாள் கிறிசாந்தம், கோயில் என்று பார்க்காமல்.

"எனக்க மருமவதான், எனக்கு ஆசை இல்லாமலா," என்று எஸ்தாக்கி நிஜமாகவே கண் கலங்கினார். "செல்லாத ஓலையில அவளுக்க கல்யாணம் நடக்கப்பிடாது. நாளைக்கு எவனாவது அவளப் பாத்து ஒரு வார்த்த சொல்லிப்பிடாது. அதுக்காகத்தான் சொல்லுதேன்."

ஃபாதர் ஓலையை மடித்து வைத்துவிட்டார். ரெக்ஸன் வீட்டார் வெளியே வந்து, இந்த ஊர் விஷயம் எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, செல்லும் என்று நீங்களே சொல்லாத ஓலையை நாங்கள் எப்படி நம்புவது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சாம்பல் புதனுக்கு முன்னால் மிச்சம் இருந்தது மூன்றே ஞாயிறு, ஒன்றைக்கூட விட முடியாது. வீட்டுக்கு வந்த செலின் அழவில்லை, சண்டை போடவில்லை, புதுப் புடவைக்குத் தைத்து வந்த ரவிக்கையை எடுத்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். அதைப் பார்த்த கிறிசாந்தம் அப்படியே சருவத்தை எடுத்துக்கொண்டு கல்லடித்துறைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

கல்லடித்துறை மைதானத்தில் ததேயு கோன்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த கோனைக் கீழே வைக்காமல் நின்றார்.

"ஒங்க மகளுக்க ஓலைய நிறுத்திட்டானுவ," என்றாள்.

"கேள்விப்பட்டேன்."

"கேள்விப்பட்டுட்டு கோன் அடுக்கிட்டு நிக்கியளா?"

"நான் வந்து சொன்னா கேப்பானுவளா, கிறிசாந்தம்? பெனால்டி அடிச்சா விசில் நிக்கும். அது ஊதுனதே அதுக்குத்தானே. நிக்க ஆளில்லன்னு ஒங்க அண்ணன் சொல்லுதாரு."

"நான் நிக்குதேன். ஆள கூட்டிட்டு வந்து அடிச்சிட்டுப் போங்க. சனிக்கிழம. அந்த ரெஃபரியவும் வரச்சொல்லுங்க."

ததேயு எதையோ சொல்ல வாயெடுத்தார். "ஒண்ணும் பேசாதிய," என்றாள் அவள். "பேச வேண்டிய நேரத்துல பேசாம போனவரு நீங்க." சருவத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அந்த ஊர்க்காரிகள் வேடிக்கை பார்க்க, வந்த வழியே நடந்தாள்.

சனிக்கிழமை இரண்டு ஊரும் மைதானத்தைச் சுற்றி நின்றன. தங்கையா சார் குடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். பாவம், இறுதியாட்டத்தன்று முதல் அவர் விசிலில் காற்றுத்தான் வந்தது, சத்தம் வரவில்லை, அவருடைய ஊதல் மொத்தமும் இங்கேயே நின்றுகொண்டிருந்தது. கிறிசாந்தம் புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றாள். கீப்பரின் கையுறையை யாரும் தரவில்லை, அவளும் கேட்கவில்லை.

எஸ்தாக்கி ஓடி வந்தார். "ஏட்டி, இது எந்த ஊரு நியாயம்? பொம்பள கோலுல நிக்கவா? நீ நின்னா கையில பட்டுதுன்னு ஆவும், தெரியுமா?"

"ஆவட்டும்."

"ஜெரோனுக்க மானம்..."

"அண்ணே, நெஞ்சா கையான்னு கேட்டு கேட்டு எனக்க காதே போச்சு. எனக்கு ரெண்டும் வேண்டாம். எனக்க பிள்ளைக்க ஓலைய வாசிக்கணும், நான் நிக்குதேன். சார், பொம்பள நிக்கப்பிடாதுன்னு எங்கயாவது இருக்கா?"

தங்கையா சார் யோசித்தார். "நான் படிச்சவரைக்கும் இல்லம்மா," என்றார்.

இப்போது வேறு சிக்கல். கல்லடித்துறைப் பையன்களில் ஒருவனும் பந்தை அடிக்க வரவில்லை. கோல் போட்டால் பொம்பளைக்குக் கோல் போட்டவன் என்று பெயர் நிற்கும், அவள் பிடித்துவிட்டால் ஊரைவிட்டே போக வேண்டியதுதான். முந்தின நாள்வரை கோப்பை எங்களுக்கு என்று குதித்தவர்கள் ஒருவன் பின்னால் ஒருவன் ஒளிந்தார்கள். ஆட்டப் பட்டியலில் மாற்று ஆட்டக்காரனாக மேனேஜர் பெயரையும் சேர்த்து எழுதுவது அந்தக் கரையில் வழக்கம், கல்லடித்துறைக்கு இப்போது மேனேஜர் ததேயு, ஆகவே கடைசியில் அவரே பந்தை எடுத்துக்கொண்டு வந்தார், பழைய ஆட்டத்தில் அடிபட்ட வலது முழங்காலை இழுத்து இழுத்து. புருஷன் அடிக்கிறான், பெண்டாட்டி நிற்கிறாள் என்றதும் கூட்டத்தில் இருந்த கொஞ்சநஞ்சச் சத்தமும் நின்று, விசில் மட்டும் ஊதியது. வெளியே அடிப்பார், பொண்டாட்டி ஊராச்சே என்று கல்லடித்துறை பயந்தது. உள்ளே அடிப்பார், எஞ்சின் வாங்கினவராச்சே என்று பத்ரோசுதுறை பல்லைக் கடித்தது. கிறிசாந்தம் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடி வந்தார், அடித்தார். கால் பந்தில் பட்ட அந்த நொடி விசில் நின்றது.

அந்த நிசப்தம் எல்லாருக்கும் தலையில் அடித்ததுபோல இருந்தது. அந்த நிசப்தத்துக்குள்ளேயே முழங்கால் மடங்கி ததேயு சறுக்கினார், வலது கால் உதைத்த பந்து அவருடைய இடது காலிலும் உரசி, திசை மாறி, வலப்பக்கம் பாய்ந்த கிறிசாந்தத்தின் இடப்பக்கமாக உருண்டு கோலுக்குள் போனது. கல்லடித்துறை துள்ளிக் குதித்தது. பத்ரோசுதுறைக்காரர்கள் தோற்ற துக்கத்தைவிடப் பெரிய திகைப்பில், கடல் இரைகிற சத்தத்தை இத்தனை நாளுக்குப் பிறகு கேட்டுக்கொண்டு நின்றார்கள். கிறிசாந்தம் மண்ணில் கிடந்தபடியே மாதாவே என்று கண்ணை மூடித் திறந்தாள். முடிந்தது. விசில் நின்றது, நாளைக்கு ஓலை.

தங்கையா சார் கையைத் தூக்கினார். விசில் நின்ற அமைதியில் அவர் காதில் ஏதோ விழுந்திருக்கிறது. "உதைக்கிற சத்தம் ரெண்டு கேட்ட மாதிரி இருந்துது," என்றார். பெனால்டி அடிக்கிறவன் பந்தை ஒரு தடவைதான் தொடலாம், வேறு யாராவது தொடுவதற்குள் இன்னொரு தடவை தொட்டால் கோல் செல்லாது என்பது இரண்டு ஊரிலும் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சார் ததேயுவிடம் நடந்து போனார். "மேனேஜர், நீங்க குருசடியில வாக்குக் குடுத்தவரு. பந்து ரெண்டாவதும் கால்ல பட்டுதா?"

வேறு யாரும் பார்க்கவில்லை. பார்த்தவள் கிறிசாந்தம் ஒருத்திதான், நேர் எதிரே நின்றவள். கோல் செல்லாது என்று ஆனால் அந்த விசில் திரும்ப வந்து ஏறி நின்றுகொண்டால் என்ன செய்வது, செலினின் ரவிக்கை பெட்டிக்கடியில் கிடக்கிறது. அவள் மண்ணில் உட்கார்ந்தபடி, புருஷனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கெஞ்சித்தான் ஆட்டினாள். ததேயு அவளைப் பார்த்தார். அவள் ஆட்டியதையும் பார்த்தார்.

"பட்டுது," என்றார்.

அவளுக்கு முதலில் வந்தது கொலை ஆத்திரம். கடலில் பிடித்துத் தள்ளலாம் என்று வந்தது. அதற்குப் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே, வேறொன்று பிடிபட்டது. பெற்ற மகள் கல்யாணத்துக்காக ஒரு வார்த்தையை விழுங்கத் தெரியாத இந்த மனுஷனை எந்த எஞ்சினைக் கொடுத்து எவன் வாங்கியிருக்க முடியும். இதை அவளுக்கு வேறு யாரும் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை. இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவள் அவள், அவளே போய் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

தங்கையா சார் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். இரண்டு ஊர்க்காரர்களும் காதைப் பொத்திக்கொண்டார்கள். எஸ்தாக்கி சிலுவை போட்டுக்கொண்டார். சார் ஊதினார், சத்தம் வந்தது, குட்டையாக, பீப் என்று, வந்து நின்றது. கோல் இல்லை, நேரமும் முடிந்தது, ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று, கோப்பை ஆளுக்கு ஆறு மாசம் என்று அறிவித்துவிட்டு, பஸ் போய்விடும் என்று குடையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தார்.

"நான் அப்பமே சொல்லல?" என்று எஸ்தாக்கி பாய்ந்து வந்து ததேயுவைக் கட்டிக்கொண்டார். "நம்ம ஆளுல்லா அவன். உள்ள இருந்துகிட்டே கல்லடித்துறைக்காரனுக்கு வச்சான் பாரு ஆப்பு. அன்னைக்குச் செஞ்சதுக்கு இன்னைக்குச் சரிக்கட்டிட்டான். விசுவாசம்னா இது விசுவாசம்." நாலு பேர் ததேயுவைத் தோளில் தூக்கினார்கள். "நான் ஒங்களுக்காகச் சொல்லல, பட்டுது, அதான் சொன்னேன்," என்று அவர் மேலிருந்து கத்தியது ஒருவர் காதிலும் ஏறவில்லை. அந்தப் பக்கம் கல்லடித்துறைக்காரர்கள், பத்ரோசுதுறைக்காரன் இவனுக்கு வலையும் சேர்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்று பேசிக்கொண்டே, அவருடைய பூட்ஸ் பையை மைதானத்தில் வீசிவிட்டு வேன் ஏறினார்கள். இனி அந்தக் கரையில் எந்த ஊரும் அவரை மேனேஜராகக் கூப்பிடாது, பத்ரோசுதுறையும்கூட ஒரு வாரத்தில் யோசித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடாது, அது அவருக்கும் தெரியும்.

முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி இறக்கிவிடச் சொன்னார். கூட்டம் கொண்டாட்டத்தில் அவரை மறந்து நகர்ந்த பிறகு கிறிசாந்தம் பூட்ஸ் பையை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கப்பிடாது," என்றாள்.

"ஊரே கேட்டுது. அது எனக்கு ஒண்ணுமில்ல. நீ கேட்டதுக்குத்தான் போனேன்."

"தெரியும்." மறுபடியும் ஆத்திரம் ஏறியது அவளுக்கு. "இன்னைக்காவது வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லா? விசில் திரும்ப வந்திருந்தா?"

"இருந்திருக்கலாம்," என்று அவர் ஒப்புக்கொண்டார். "கேட்டுட்டாரே."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசையில் கோயில் நிறைந்திருந்தது. விசில் இல்லாத கோயிலில் செருமுவதற்கே ஜனங்கள் பயந்தார்கள். ஃபாதர் ஓலையை விரித்து, ரெக்ஸன் பெயரையும் செலின் பெயரையும் வாசித்து, இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள் என்றார். எஸ்தாக்கி அசையவில்லை. ஆனால் முன்வரிசையில் ஒருவன் மெதுவாகத் திரும்பி ததேயுவைப் பார்த்தான். பிறகு இன்னொருவன். பிறகு ரெக்ஸன் வீட்டாரும், பாடகர் குழுவும், கடைசியில் ஃபாதரும். கேட்டால் சொல்லிவிடுகிற மனுஷன் ஊரில் ஒருவர்தான் இருக்கிறார், கேட்டதோ இப்போது எல்லாரையும்தான். கிறிசாந்தம் பெண்கள் பக்கத்தில் செலினின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், தன் புருஷனின் முகத்தைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது.

ததேயு எழுந்து நின்றார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உண்மையாகவே யோசித்தார், பையனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"தடை ஒண்ணும் இல்ல, ஃபாதர்," என்றார்.

கோயில் முழுக்க மூச்சு விட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த ஊரில் ஒரு வார்த்தை செல்லுபடியானது. கிறிசாந்தம் முக்காட்டை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.